கீல் தொடர்ச்சி 46ஆம் பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் வார இதழைப் பத்தொன்பது வருடமாக ஒரு வாரமும் விடாமல் வாசித்துவரும் இல்லத்தரசி ஒருத்தி பணிவுடன் எழுதுவது. கடவுள் கிருபையால் நான் சௌக்கியம். நீங்களும், உதவி ஆசிரியர்களும், அச்சகத்தில் நின்று வேலை செய்கிறவர்களும், அவரவர் வீட்டாரும் கைகால் சுகத்துடன் இருக்க வேண்டும் என்று இன்று காலை பிரார்த்தனையில் கேட்டுக்கொண்டேன். கைகால் சுகம் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை ஐயா. ஒரு கையில் எத்தனை மூட்டு, எது எந்தப் பக்கம் போகும், எது போகாது என்பதெல்லாம் இந்த மூன்று மாதத்தில் எனக்கு அத்துப்படி. ஆகவே பொருள் தெரிந்தேதான் கேட்டேன்.

நான் குறை சொல்லி எழுதுகிறவள் இல்லை. போன வருடம் குறுக்கெழுத்துப் போட்டிக்கு வேறு வாரத்து விடையைப் போட்டிருந்தீர்கள். நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்போதுகூட, பாவம், ஆசிரியர் வீட்டில் அன்றைக்கு ஏதாவது சண்டையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இந்த முறை அப்படி விட முடியவில்லை. உங்கள் பத்திரிகை சொன்னதைக் கேட்டு, நான் என் கணவரை நான்கு வாரம் ஒரு கதவாக நடத்தியிருக்கிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். என் கணவருக்குத் தொழில் கதவு மாட்டுவது. நிலை, கீல், தாழ்ப்பாள், பூட்டு என்று முப்பத்திநான்கு வருடமாக அதே வேலை. தெருவில் அவருக்குக் கதவுக்காரர் என்றுதான் பெயர், எனக்குக் கதவுக்காரர் வீட்டம்மா. அப்பேர்ப்பட்ட கதவுக்காரர் வீட்டில் குளியலறைக் கதவு பதினொரு வருடமாகத் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் தூக்கி, இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் மூடும். வருகிற விருந்தாளிக்கு இதைச் சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் வாய் சும்மா இருக்காமல், "ஏங்க, ஊர்ல இருக்கற கதவுக்கெல்லாம் உங்க கையைத் தெரியும். நம்ம வீட்டுக் கதவுக்கு மட்டும் நீங்க யாருன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறி மேல் கீலை முடுக்கினார். கடைசித் திருகோடு ஸ்டூல் ஈரத்தில் வழுக்கிவிட்டது. நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தபோது, வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "இப்ப மூடிப் பாரு, சரியாயிடுச்சு" என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மூடிப் பார்த்தேன். சரியாகத்தான் மூடியது. அவர் கைதான் மடங்கவில்லை.

அந்தக் கதவு அன்றிலிருந்து பூ மாதிரி மூடுகிறது ஐயா. ஒவ்வொரு தடவை மூடும்போதும் அவர் ஸ்டூலில் ஏறியதுதான் ஞாபகத்துக்கு வரும். பதினொரு வருடம் பொறுத்தவள் இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன என்று கடவுளிடம் கேட்டால், அவர் அதை என்னிடமே திருப்பிக் கேட்கிறார்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் கட்டு இருப்பதாகவே கை நினைத்துக்கொண்டிருந்தது. நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் அனுப்பினார்கள். எங்கள் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இரண்டு நாள் போனவர் மூன்றாம் நாள் செருப்பே மாட்டவில்லை. என்னவென்று கேட்டால், "தாத்தா, குட் பாய் மாதிரி மடக்குங்கன்னு சொல்லுது. குட் பாயாம் குட் பாய். இதுக்காகவா இத்தனை வருஷம் மீசை வச்சேன்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, அதுவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பாடு. பாதி சட்டையில் விழும். "நான் ஊட்டட்டுமா?" என்றால், "எனக்கு என்ன ரெண்டு வயசா?" என்பார். பத்தாம் நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து கருவிப்பெட்டியைக் காலாலேயே வெளியே தள்ளினார். அவரோடு பல வருடம் சேர்ந்து வேலை செய்த பெரிய தச்சருக்குப் போன் போட்டு, "பெட்டியை வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. இங்க கெடந்தா துருதான் பிடிக்கும்" என்றார். அவர் வெளியூரில் ஒரு வேலையை ஒப்புக்கொண்டிருப்பதால் அடுத்த மாதம் முதல் ஞாயிறு வருகிறேன் என்றாராம். போனை வைத்த பிறகு இவர் பெட்டியின் மூடியை இடது கையால் மூன்று தடவை திறந்து மூடினார். உள்ளே எதையும் எடுக்கவில்லை. நான் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இந்த சமயத்தில்தான் உங்கள் பத்திரிகை வந்தது. கடவுளே அனுப்பிவைத்தது என்று நினைத்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் ஐயா. மீதி வகுப்பெல்லாம் உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன். உடல்நலப் பகுதியில் மனித உடம்பின் மூட்டுகளைப் பற்றிப் படம் போட்டு எழுதியிருந்தீர்கள். சத்தமாக வாசித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் என் உடம்பில் அசைத்துப் பார்த்தேன். தோளும் இடுப்பும் பந்துக் கிண்ண மூட்டு, எல்லாப் பக்கமும் சுழலும். மணிக்கட்டில் சின்னச் சின்ன எலும்புகள், ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகரும். கட்டைவிரலின் அடியில் இருப்பது குதிரைச் சேணம் போன்ற மூட்டாம், அது இருப்பதால்தான் மனிதனால் ஊசியில் நூல் கோர்க்க முடிகிறதாம். கையோடு ஒரு சேணத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் வெங்காயம் உரித்திருக்கிறேனே என்று வியந்துபோனேன். மண்டை ஓட்டின் மூட்டுகள் அசையவே அசையாது என்று வந்த இடத்தில், சுவர்ப் பக்கத்திலிருந்து, "உன் தலையைப் பார்த்துத்தான் எழுதியிருக்கான்" என்று ஒரு குரல் வந்தது. கட்டுப் பிரித்த பிறகு அவர் செய்த முதல் கேலி அது. எனக்குக் கோபமே வரவில்லை. அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன்.

அடுத்தது முழங்கை. முழங்கை ஒரு கீல் மூட்டு, கதவைப் போல ஒரே வாட்டத்தில்தான் திறந்து மூடும், நீண்ட நாள் அசையாமல் இருந்தால் இறுகிவிடும், அவ்வாறு இறுகினால் செய்ய வேண்டியது என்னவென்றால் என்று சொல்லி, தொடர்ச்சி 46ஆம் பக்கம் என்று போட்டுவிட்டீர்கள். 46ஆம் பக்கத்தைப் புரட்டினேன். கீல் தொடர்ச்சி என்று இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு, அவரைக் கூப்பிட்டு நிற்கவைத்து வாசித்தேன். தூசி இல்லாமல் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவிடவும். பிறகு மெதுவாகப் பத்து முறை திறந்து மூடவும். சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். வலுவாகத் தள்ளக் கூடாது. தனியாளாகச் செய்யக் கூடாது, ஒருவர் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் அசைக்க வேண்டும். இதில் எதைத் தப்பு என்று சந்தேகப்படுவது, நீங்களே சொல்லுங்கள். அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக் கேட்டார். முடிந்ததும், "தொழில் தெரிஞ்சவன் எழுதியிருக்கான்" என்று மட்டும் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் கதவு வைத்தியம் நடந்தது. இரண்டு சொட்டு என்றால் இரண்டே சொட்டு. முழங்கைக்கு அடியில் தலையணை, ஒரு கையால் தாங்கி, மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து மடக்குவேன். எண்ணிக்கைக்கு ஜெபமாலை. ஒரு மடக்குக்கு ஒரு மணியை அவர் இடது கையால் தள்ளுவார். மருந்துக்கும் ஜெபத்துக்கும் ஒரே எண்ணிக்கையாக வைத்ததில் கடவுள் கோபித்திருக்க மாட்டார். எதையும் கணக்கு எழுதிவைத்தே பழகியவள் நான். மகளின் பழைய ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்து, முழங்கையில் வைத்து அளந்து, வீட்டுக் கணக்கு நோட்டில் 'கை' என்று ஒரு பக்கம் போட்டேன். முதல் நாள் எண்பத்தைந்து பாகை. என் கையை மடக்கி அளந்து பார்த்ததில் வாய்க்குப் போக நூற்றிமுப்பது வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து பாக்கி. ஒரு நாள் இரண்டு வரும், ஒரு நாள் ஒன்றும் வராது. ஒரு நாள் குளிர் காற்றில் மூன்று திரும்பப் போய்விட்டது. அதையும் மறைக்காமல் எழுதினேன். "ஏன் முகத்தைத் தொங்கப்போடறே? மூணு பாகைதானே, நாளைக்கு வசூல் பண்ணிக்கலாம்" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். ஒரு காலை மாடி வீட்டு அம்மா கதவைத் தட்டினாள். "என்னக்கா, காலங்காத்தால 'மெதுவாத் தள்ளு, கீல் பிஞ்சிடும்'னு அண்ணன் கத்தறாரு, புதுக் கதவா?" என்று எட்டிப் பார்த்தாள். அவள் எட்டிப் பார்த்த நேரம் அவர் சட்டையில்லாமல், கையில் எண்ணெய் வழிய, என் ஜெபமாலையைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் எதுவும் கேட்பதில்லை.

இரண்டாம் பத்தி கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கவும் என்று இருந்தது. மரம் தேய்க்கிற உப்புத்தாள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டுத்தானே துணியை ஊறவைக்கிறேன். ஆனால் உடம்பைப் பற்றிய பக்கத்தில் வந்ததால், அச்சில் ஏதோ விட்டுப்போயிருக்கும், உப்பைத் தாளில் மடித்து ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நானே திருத்திக்கொண்டேன். கழற்றி வெயிலில் வைக்கவும் என்றிருந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லி அவரை மொட்டைமாடியில் உட்காரவைத்தேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளையாக அவரை நான் பார்த்ததே இல்லை. கடைசி வரிதான் என் உயிரை எடுத்தது. அப்படியும் சரிவராவிட்டால், ஓரத்தை அரை நூல் அளவு சீவிவிடவும். நூல் என்பது தச்சர்களின் அளவு, எட்டு நூல் ஓர் அங்குலம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. டாக்டர்களும் அந்த அளவைத்தான் வைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது, எலும்பைச் சீவுகிற ஆபரேஷன் என்று முடிவு கட்டி இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிரார்த்தனைக்குப் போகிறேன் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு, ஒட்டியதை உரித்து, கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு கைப்பயிற்சிப் பெண்ணிடம் ஓடினேன்.

அவள் நின்றபடி வாசித்தாள். பிறகு உட்கார்ந்து வாசித்தாள். "அம்மா, இது கதவுக்கு எழுதினதும்மா" என்றாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். பிறகு கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தாள். "நூத்தி இருபத்தெட்டா? இது உண்மையா? நீங்க தப்பா அளந்திருப்பீங்க" என்றாள். வீட்டுக்கு வந்து வேறெதுவும் சொல்லாமல், "அந்தப் பொண்ணு நான் அளந்தது தப்புன்னு சொல்லுது" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான். "என் பொண்டாட்டி அளந்தது தப்பா? செருப்பை எடு" என்று கிளம்பிவிட்டார்.

அந்தப் பெண் தன் கருவியால் அளந்தாள். நூற்றி இருபத்தெட்டு. அவர் அவளைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்திரிகை விஷயத்தை அவளே சொன்னாள். வெட்கத்தில் நான் குனிந்துகொண்டேன், அவர் ஜன்னல் கீலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள், "உள்ளங்கையைத் திருப்புங்க" என்றாள். திரும்பவில்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, யாருக்கோ கைகுலுக்க நீட்டியது போல் பக்கவாட்டில் நின்றது. நாங்கள் நான்கு வாரம் மடக்கியதெல்லாம் கீல், இது வேறு என்றாள். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பு இருக்கிறதாம், ஒன்றின் மேல் இன்னொன்று உருண்டு வந்தால்தான் கை திரும்புமாம், அதற்கு முளை மூட்டு என்று பெயராம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, குடுமி! இதை மொதல்லயே சொல்ல வேண்டாமா?" என்றார். "என்ன குடுமி?" என்று அந்தப் பெண் தன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கீலே இல்லாத பழைய காலத்துக் கதவில் மேலேயும் கீழேயும் மரத்திலேயே ஒரு முளை நீட்டிக்கொண்டு, குழியில் நின்று சுழலும், அதற்குப் பெயர் குடுமி என்று அவர் காகிதத்தில் இடது கையால் படம் போட்டுக் காட்டினார். அவள் வாயைப் பிளந்து கேட்டாள். தாத்தா போய், மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் ஐயா, ஸ்க்ரூ டிரைவரைத் திருப்புவது கீல் இல்லை. குடுமிதான். அவர் அதைக் கேட்ட நிமிடமே புரிந்துகொண்டார். குடுமி இளக இன்னும் பல வாரம் ஆகும், முழுக்க வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். பெரிய தச்சர் வருகிற ஞாயிறு நாளைக்கு. பெட்டி வாசலருகே தயாராக இருக்கிறது. நான் வாயைத் திறந்து ஒரு தடவை பேசியதற்கு அவர் தொழிலே போகிறது, இப்போது வாயைத் திறந்து வேண்டாம் என்று தடுக்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

நாளைக்குள் இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. ஆகவே, உடம்புக் கீலின் தொடர்ச்சி இருக்க வேண்டிய இடத்தில் கதவுக் கீலின் தொடர்ச்சியைப் போட்டதற்கு அடுத்த இதழில் பெரிய எழுத்தில் வருத்தம் தெரிவிக்குமாறும், உண்மையான தொடர்ச்சியை வெளியிடுமாறும், குடுமிக்கு என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதுமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறு எல்லோருக்கும் வரும். அதை ஒட்டிவைத்து இரண்டு வேளையும் வாசித்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன்.

எழுதுகிற உங்கள் விரல்களுக்கும், நின்று களைத்த அச்சகத்தார் முழங்கால்களுக்கும், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் எல்லா மூட்டுகளுக்கும் கடவுள் நெகிழ்வைத் தரட்டும்.

இங்ஙனம்,
கதவுக்காரர் வீட்டம்மா

பின்குறிப்பு (திங்கட்கிழமை எழுதுவது): மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். நேற்று பெரிய தச்சர் வந்தார். எது எது எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காக இவர் பெட்டியில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். உளித்தட்டை எடுத்ததும் அடியில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பிரித்தேன். உங்கள் பத்திரிகையின் 46ஆம் பக்கம், நடுவில் நான் வெட்டியெடுத்த சதுர ஓட்டை. ஓட்டைக்கு மேலே, என் கத்தரிக்கோல் விட்டுவைத்த வரியில், 'வீட்டுப் பராமரிப்பு: கதவுக்' என்று இருந்தது. ஓட்டைக்குக் கீழே 'மூட்டுகள் தொடர்ச்சி' என்று நீங்கள் சரியாகவே போட்டிருந்தீர்கள். ஒரே வரி. தகுந்த மருத்துவரை உடனே அணுகவும்.

"இது எப்ப உங்க கைக்கு வந்தது?" என்றேன். "நீ வெட்டிப் போட்ட அன்னைக்கே" என்றார். "அப்ப மொதல் நாளே தெரியுமா?" "ரெண்டு சொட்டு எண்ணெய்னு நீ படிச்சப்பவே தெரியும். கதவுக்காரன்கிட்டயே கதவு வைத்தியமா?" "தெரிஞ்சும் ஏன் சொல்லலை? மொட்டைமாடியில வெயில்ல எல்லாம் உக்காந்தீங்களே!" பெரிய தச்சர் கூரையில் ஏதோ இருப்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ஓர் உளியை எடுத்துத் துடைத்தார். "குளியலறைக் கதவை மூடும்போதெல்லாம் உள்ள அழுதுகிட்டிருந்தே. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்த பிறகுதான் நிறுத்தினே. அந்த வைத்தியத்தை எப்படி நிறுத்தச் சொல்றது?" என்றார். பெரிய தச்சர் எழுந்து, "பெட்டியைக் கொடுக்கறதா இல்லையான்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, எனக்கு பஸ் போயிடும்" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "கொடுக்கலை" என்றேன். "அப்ப வெளியில கெடக்கறதை எல்லாம் உள்ள எடுத்து வை, ஒரு கைக்காரன் எத்தனைதான் செய்வான்" என்றார்.

ஆகவே வருத்தமும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம். இரண்டு தொடர்ச்சிகளையும் இனிமேலும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்தே போட்டுக்கொண்டிருங்கள். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், "இவ்வளவு எழுதிட்டு ஏன் கிழிக்கறே, போகட்டும்" என்று பிடுங்கிக்கொண்டார். உறைமேல் முகவரியை அவர்தான் எழுதினார், வலது கையால். கைகுலுக்குகிற மாதிரியே பேனாவைப் பிடித்து, தோளைத் தூக்கி, உடம்பையே சாய்த்து, முக்கால் மணி நேரம் எழுதினார். நான் தாங்கிப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்றார். எழுத்தெல்லாம் மாடிப்படி ஏறுகிறது, உங்கள் தெருப் பெயரை என்னாலேயே படிக்க முடியவில்லை. வேறு உறையில் நான் எழுதித் தருகிறேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தபால்காரர் எப்படியோ கண்டுபிடித்து இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தால், வந்து சேர்ந்தது என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள் ஐயா. அவரிடம் காட்ட வேண்டும்.